விலகிய சிவப்பு

காலையிலிருந்து இது மூன்றாவது ஆள்.

"அந்தப் பிள்ளை கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துச்சு பாருங்க மேடம், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நல்ல முடிவு. குடும்பத்தோட படிச்சோம்" என்று சாத்தூரிலிருந்து ஒருவர் போனில் உருகினார்.

ஜெயரூபாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்தப் பிள்ளை வெளிய வந்துச்சு?"

"அதான் மேடம், பேட்டரி கம்பெனிப் பிள்ளை. பொன்செல்வி."

"அது வெளிய வரலை சார். உள்ளேயே கருகிச் செத்துப்போச்சு. செத்துப் பேயா வருது. அது பேய்க்கதை சார்! பேய்க்கதையில ஒருத்தராவது சாகணுமா வேண்டாமா?"

"நீங்க வேற மேடம், பத்திரிகைக்காரங்களே கேலி பண்ணா எப்படி" என்று சிரித்தபடி அவர் வைத்துவிட்டார். ஜெயரூபா போனை மேசையில் எறிந்தாள். மேசையில் 'நடுக்கம்' முதல் இதழின் பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன. பேய்க்கதை, கொலைக்கதை, அறிவியல் கதை என்று ஏழு கதைகள், அறுபத்து நான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'இதில் ஓர் எழுத்தும் உங்களுக்காக மாற்றப்படவில்லை.'

அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் வேலையையே விட்டாள். பன்னிரண்டு வருஷம் ஒரு திரைக்கதைக் கம்பெனியில், அதாவது போனிலும் டேப்லெட்டிலும் படிக்கிற கதைகளைத் தயாரிக்கும் கம்பெனியில், கதைப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். அங்கே எழுத்தாளர் கொடுப்பது வெறும் மாவு. இட்லியா தோசையா என்பதை 'இதம்' என்கிற மென்பொருள் முடிவு செய்யும். படிக்கிறவரின் நாடித் துடிப்பைப் பார்த்து, அவருக்கு எது வலிக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த வரியை மட்டும் நைசாக மாற்றி வைக்கும். அம்மாவைப் பறிகொடுத்தவர் படித்தால் கதையில் அம்மா சாகமாட்டாள். லஞ்சம் வாங்குகிறவர் படித்தால் லஞ்சம் வாங்கினவன் மாட்டமாட்டான். ஒரு கதையை ஆயிரம் பேர் படித்தால் ஆயிரம் கதை. ஒரே கதையைப் படித்துவிட்டு இரண்டு பேர் சண்டை போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்த நாளில்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தாளில் அடித்த மை நகராது. ஆகவே தாளில் அடிப்போம் என்று சிவகாசிக்கே திரும்பி வந்துவிட்டாள்.

இருக்க இடம் கொடுத்தது அண்ணன் ஜெயசீலன். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்ததும் அவர்தான். 'வெண்சுடர்' பேட்டரி ஆலையில் ஜெனரல் மேனேஜர். "மாடி சும்மாதான கிடக்கு ரூபா, உன் பேயையெல்லாம் அங்க குடிவை" என்று சாவியைக் கொடுத்தார். முதல் இதழின் முதல் பிரதியை வாசித்துவிட்டு, "அந்த பேட்டரி கதை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று பாராட்டவும் செய்தார். அந்தப் பெருந்தன்மையை நினைத்து அவள் அன்று நெகிழ்ந்துபோனாள். ஏனென்றால் அந்தக் கதை 'வெண்சுடர்' ஆலையில் ஒன்பது வருஷத்துக்கு முன் நடந்த தீ விபத்தைப் பற்றியது.

எழுதியவர் முனீஸ்வரி. அந்த விபத்தில் நாலாம் ஷெட்டில் இறந்த ஐந்து பெண்களில் ஒருத்தி பொன்செல்வி, இவருடைய மகள். விசாரணையில் 'கதவு திறந்தே இருந்தது, பதற்றத்தில் இறந்தார்கள்' என்று எழுதி மூடிவிட்டார்கள். முனீஸ்வரி எங்கெங்கோ மனு எழுதிப் பார்த்தார். மனுவை யாரும் படிக்கவில்லை. கடைசியில் நாற்பது பக்க நோட்டில் அதைப் பேய்க்கதையாக எழுதி ஜெயரூபாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். 'உள்ளேயிருந்து தட்டுகிறாள்' என்று தலைப்பு. செத்த பெண் ஊரிலுள்ள கதவுகளை எல்லாம் உள்பக்கமிருந்து தட்டுகிறாள். படித்த அன்று ஜெயரூபாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓர் எழுத்துகூட மாற்றாமல் போட்டாள்.

இதழ் வந்த அன்று முனீஸ்வரி மாடிக்கு வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "இந்த வீட்டு மாடியில இருந்துக்கிட்டு இதைப் போடுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல மேடம். உங்களுக்கு எம்புட்டு தைரியம்." முதல் கதை அச்சில் வந்த சந்தோஷம், அழட்டும் என்று விட்டுவிட்டாள் ஜெயரூபா.

இப்போது என்னடாவென்றால், செத்த பிள்ளையை ஊரே பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

திருத்தங்கல் ரோட்டில் மாரிக்கனியின் பிரஸ். காலண்டர் சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாரிக்கனிக்கு ஐம்பது வயது. கம்போஸிங், பிளேட், மெஷின் எல்லாம் அவர் கைதான். பனியன் வேஸ்ட் துணியால் விரலைத் துடைத்தபடி நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, கதையை மாத்தினது யாரு?"

"வாங்க ஆசிரியரம்மா. நான் முப்பது வருஷமா மை தடவுறவன். வரியைத் தடவுற வேலை எனக்குத் தெரியாது." அவள் கையிலிருந்த இதழை வாங்கிப் புரட்டி உரக்கப் படித்தார். "'புகை இடுப்பளவு ஏறியபோது பொன்செல்வி கதவைத் தட்டுவதை நிறுத்தினாள்.' இருக்கா இல்லையா?"

இருந்தது. அவளும் அதையேதான் பார்த்தாள்.

"பெறகு எப்படி ஊர்ல இருக்கிறவனெல்லாம் அவ பிழைச்சுட்டாங்கிறான்?"

மாரிக்கனி மெஷினை நிறுத்தினார். "சாத்தூர்க்காரர் லென்ஸ் போட்டிருப்பாரு."

பத்துப் பேரில் ஒன்பது பேர் போட்டிருந்தார்கள். கருவிழியைச் சுற்றி மெலிசாக நீல வளையம் தெரிந்தால் லென்ஸ் போட்ட கண். கடைப்பலகையை மொழிபெயர்க்கும், பொடி எழுத்தைப் பெரிதாக்கும். தாளைப் பொறுத்தவரை அவ்வளவுதான் அதன் வேலை, அதிலுள்ள இதம் திரையில் படிப்பதற்கு மட்டும்தான் என்று ஜெயரூபா நினைத்திருந்தாள்.

"போன வருஷம் ஒரு மாத்திரை டப்பா அடிச்சேன்" என்றார் மாரிக்கனி. "பின்பக்கம் 'மயக்கம் வரலாம், வயிறு புண்ணாகலாம்'னு பொடி எழுத்துல போட்டிருக்கேன். பார்ட்டி வந்து ஏன் போடலைன்னு சண்டைக்கு நிக்கிறாரு. டப்பாவை அவரு கையிலயே வச்சுக்கிட்டு! அவரு கண்ணுக்குத் தெரியலை. அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. இதம் திரையை விட்டு இறங்கி கண்ணுக்குள்ளயே வந்துருச்சு. எழுத்துன்னு கண்டா போதும். தாள்ல இருந்தா என்ன, சுவத்துல இருந்தா என்ன."

"இதை யாரும் கேக்கலையா?"

"கேக்கணும்னா முதல்ல தெரியணும்ல?"

"நீங்க ஏன் போடலை?"

"கலர் பாக்குறவன் அதைப் போட்டா பொழப்பு போச்சு. மங்குன சிவப்பைக்கூடப் பளிச்சுனு காட்டும். உங்களுக்குத்தான் கண்ணுல நீலம் தெரியுது."

"எனக்குப் பவர் மைனஸ் ஆறு. லென்ஸ் இல்லாட்டி உங்க மூஞ்சிகூடத் தெரியாது. ஆனா இதத்தை மூணு வருஷத்துக்கு முன்னாடியே அணைச்சுட்டேன்." தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும் ஓரத்தில் பச்சை எழுத்தில் 'இதம் அணைந்துள்ளது' என்று அவளுக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பொழுதே விடியும்.

"அப்பச் சரி" என்றார் மாரிக்கனி. "வாங்க, டீ குடிச்சுட்டுக் கோவப்படலாம்."

பிரஸுக்கு எதிர்த்தாற்போல் டீக்கடை. லாரி ஷெட்டின் லோடுமேன் ஒருவர் வடை தின்றுவிட்டு, எண்ணெய்த் தாளைக் கசக்கிப் போடாமல் நின்று படித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் நீல வளையம். "படுபாவி" என்றார் திடீரென்று. "அஞ்சு பொம்பளைப் பிள்ளைகளை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கான்யா. செத்துருச்சுக பாவம். தின்ன வடை இறங்கலை."

ஜெயரூபா டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடினாள். அவள் பத்திரிகையின் தாள்தான் அது. அவள் கதைதான். இந்த மனுஷன் ஒருத்தர்தான் ஊரிலேயே ஒழுங்காகப் படித்திருக்கிறார். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பத்திரிகை ஆசிரியர் புத்தி போகவில்லை.

"அண்ணே, பூட்டலை. சூட்டுல கதவு இறுகிக்கும். அப்படித்தான் கதை."

"நான் எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் சரியாத்தாம்மா படிப்பேன். பூட்டினான்னுதான் போட்டிருக்கு."

தாளை வாங்கினாள். அவர் விரல்பட்டு அந்த வரிமேல் சட்னி ஈஷிக் கிடந்தது. அவள் வரியைப் பார்க்கவுமில்லை. எழுத்தைப் பார்த்தாள். எழுத்துகள் நடுவில் பிளந்திருந்தன.

அந்தக் கதைக்கு மட்டும் அவள் ஒரு கிறுக்குத்தனம் செய்திருந்தாள். எழுத்தின் மேல்பாதி சிவப்பிலும் கீழ்பாதி கறுப்பிலும் வரவேண்டும், நெருப்பும் கரியும் மாதிரி என்று அடம்பிடித்தாள். சிவப்புக்கு ஒரு பிளேட், கறுப்புக்கு ஒரு பிளேட். இரண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தும்வரை ஓடுகிற முதல் இருநூறு தாள் வேஸ்ட். அந்த வேஸ்ட்தான் வடைக்கு வந்திருக்கிறது. அதில் சிவப்பு ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது.

"அண்ணாச்சி, லென்ஸுக்கு இது எழுத்துன்னே தெரியலை!" என்று கத்தினாள். "மனுஷக் கண்ணு ரெண்டு பாதியையும் சேர்த்துப் படிச்சுக்குது. அது குப்பைன்னு நினைச்சு விட்டுருச்சு. மொத்தத்தையும் இப்படியே திரும்ப ஓட்டுவோம்."

 அவள் 'பூட்டலை' என்று சொன்னபோதே மாரிக்கனியின் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. இப்போதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரஸுக்குத் திரும்பியதும்தான் வாயைத் திறந்தார். "ரெஜிஸ்டர் விலகுச்சு, கலர் தள்ளி விழுந்துச்சுன்னு என்னைய ஒருத்தன் சொன்னதில்ல. இப்ப வேணும்னே விலக்கி ஓட்டணும். ஊர்ல நாலு பேரு பாத்தா காறித் துப்புவான்."

"உங்க கௌரவமா பெருசு? செத்த பிள்ளையைச் செத்ததா சொல்ல முடியலை இந்த ஊர்ல!"

"ஓட்டமாட்டேன்னு சொல்லலையே." அவர் உள்ளே போய் ஒரு முழு வேஸ்ட் தாளை எடுத்துவந்து மேசையில் விரித்தார். பதினாறு பக்கம். கதை முழுவதும் அதில் இருந்தது. "ஆசிரியர் கையெழுத்துப் போடாம ஒரு தாளும் என் மெஷின்ல ஏறாது. அது இங்க வழக்கம். போன தடவை புரூஃப்ல போட்டீங்க. இந்தத் தடவை இந்தத் தாள்ல படிச்சுட்டுப் போடுங்க. கடைசி வரி வரைக்கும்."

"எனக்கு மனப்பாடம்."

"படிங்கம்மா."

அவர் 'ஆசிரியரம்மா' என்று சொல்லவில்லை. அது அவளுக்கு உறுத்தியது. உட்கார்ந்து படித்தாள். பிளந்த எழுத்துகள் முதலில் கண்ணைக் கூசவைத்தன, பிறகு பழகிவிட்டன. புகை, தட்டல், பொன்செல்வியின் வளையல், எல்லாம் அதே. நான்காம் பக்கத்தில் 'சூட்டில் கதவு இறுகிக்கொண்டது' என்று அவளுக்குத் தெரிந்த வரி இல்லை. அந்த இடத்தில் 'கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது' என்று இருந்தது.

கடைசிப் பத்திக்குப் போனாள். 'எந்தக் கதவு தன்னுடையது என்று தெரியாமல் அவள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்' என்று முடியும் கதை அது. அந்த வாக்கியத்தில் சொக்கிப்போய்ப் பின்னட்டையில்கூடப் போட்டிருந்தாள். தாளில் வேறு இருந்தது.

'பொன்செல்வி கடைசியில் சரியான வீட்டுக்கு வந்துவிட்டாள். பச்சை கேட். ஜெயசீலன் என்று பெயர்ப் பலகை. நாலாம் ஷெட்டைப் பூட்டிய சாவி அந்த வீட்டு பீரோவில் இருக்கிறது. அவள் பீரோவுக்குள்ளிருந்து தட்டுகிறாள்.'

மூன்று முறை படித்தாள். மாறவில்லை. தான் கொண்டுவந்த இதழின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே அவள் ரசித்த அந்த அழகான வாக்கியம் அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, பின்னட்டையில என்ன போட்டிருக்கு?"

மாரிக்கனி படித்தார். "'நாலாம் ஷெட்டைப் பூட்டிய சாவி அந்த வீட்டு பீரோவில் இருக்கிறது.'"

கண்ணின் ஓரத்தில் பச்சை எழுத்து மினுங்கியது. இதம் அணைந்துள்ளது. அதுவும் எழுத்துதானே? அதையும் அவள் லென்ஸ் வழியாகத்தானே படிக்கிறாள்? அணைந்துவிட்டது என்று தெரிந்தால் இவளுக்கு நிம்மதி என்று கண்டுபிடித்து, மூன்று வருஷமாகத் தினமும் காலையில் அந்த நிம்மதியை ஊட்டியிருக்கிறது. பேயும் சாவும் இவளுக்குப் பிடிக்கும் என்று விட்டுவைத்தது. அண்ணனை மட்டும் பத்திரமாக எடுத்துவிட்டது.

அவமானத்தில் காது சூடாகி, அது அப்படியே மாரிக்கனிமேல் பாய்ந்தது. "கம்போஸ் பண்ணது நீங்கதான! தெரியும்ல? ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல? ஒரு எழுத்து மாத்தக்கூடாதுன்னு நோட்டைக் கொடுத்தது நீங்க. புரூஃப்ல கையெழுத்துப் போட்டது நீங்க. சொந்த அண்ணன் பேரையே போடுற பொம்பளைன்னு நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அந்த முனீஸ்வரியம்மாளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கு."

'இந்த வீட்டு மாடியில இருந்துக்கிட்டு' என்றாரே முனீஸ்வரி. அந்தப் பெண் பிடித்து அழுத கை இப்போது அவளுக்குக் கூசியது. செய்யாத வீரத்துக்கு வாங்கிக்கொண்ட கண்ணீர் அது.

"கையெழுத்துப் போடுறீங்களா?" என்று கேட்டார் மாரிக்கனி, மெதுவாக. "போடலைன்னாலும் நான் தப்பா நினைக்கமாட்டேன். இன்னொண்ணும் சொல்லிருதேன். ஆறு மாசத்துல இந்த விலகலையும் அது படிக்கக் கத்துக்கும்."

"அப்ப அடுத்த இதழுக்குக் கறுப்பைத் தள்ளுவோம்" என்று சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டினாள். "பேனாவைக் கொடுங்க. படிக்கவேண்டிய ஆளு இன்னொருத்தரு இருக்காரு."

பச்சை கேட் எப்போதும்போல் திறந்திருந்தது. அண்ணன் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதி குடித்த மோர். பேப்பரைப் பார்த்து அவர் முகம் மலர்ந்திருந்தது. அவருக்குப் பேப்பரில் நல்ல செய்தியைத் தவிர வேறு வருவதே இல்லை.

"வா ரூபா, சாப்பிட்டியா?"

"அந்தப் பேட்டரி கதை நல்லா இருந்துச்சுன்னீங்களே. எது நல்லா இருந்துச்சு?"

"அதுவா?" பேப்பரை மடித்தார். "அந்த மேனேஜர் கதவை உடைச்சு அஞ்சு பேரையும் வெளிய தூக்கிட்டு வர்ற இடம். சொன்னா நம்பமாட்ட, ரெண்டு மூணு தடவை படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கே அப்படித்தான் நடந்த மாதிரி ஞாபகம் வருது. கொஞ்ச நாளா நல்லாத் தூங்குறேம்மா."

ஜெயரூபா தாளை அவர் மடியில் விரித்து, நான்காம் பக்கத்தைக் காட்டினாள். "இதைப் படிங்க."

"என்ன இது, கலங்கலா இருக்கு."

"படிங்கண்ணே."

அவர் உதடு அசைய அசையப் படித்தார். பிளந்த எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல. கடைசிப் பத்திக்கு வந்ததும் உதடு நின்றது.  பொய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். இந்தத் தாள்தான் பொய், லென்ஸ்தான் உண்மை என்று சொன்னால்கூட அந்த நிமிஷம் நம்பியிருப்பாள்.

"மணிக்கொரு தடவை பாத்ரூம் பாத்ரூம்னு வெளிய போவாளுக" என்றார் அண்ணன். "மேலிருந்து டார்கெட், டார்கெட்னு உயிரை எடுத்தாங்க. ஒரு மணி நேரந்தான் பூட்டச் சொன்னாங்க. தீ பிடிக்கும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"சாவி?"

 அவர் கண் தானாக மூலையிலிருந்த பீரோவுக்குப் போய்த் திரும்பியது.

"இதுக்கு மேலயும் இதை ஏன் கிளறுற?" குரல் இறங்கிவந்தது. அவளைச் சின்ன வயதில் சமாதானப்படுத்துகிற அதே குரல். "இந்தத் தாள் சரியா அச்சாகலை, கண்ணு வலிக்குது. முதல்ல வந்துச்சுல்ல, அதுதான் நல்லா இருந்துச்சு. எல்லாருக்கும் நல்லா இருந்துச்சு. உனக்கும் நல்லாத்தான இருந்துச்சு? அதையே போடு ரூபா."

உண்மை. அவளுக்கும் நல்லாத்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. இமையை விரித்து இரண்டு லென்ஸையும் எடுத்து, அவர் குடித்து வைத்த மோரில் போட்டாள். அண்ணன் ஒரு பழுப்புக் கலங்கலானார். வீடு முழுக்கக் கலங்கியது. கட்டைவிரலால் தாளின் ஓரத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டு, பேனாவை எடுத்து, 'அச்சிடலாம். சிவப்பு விலகியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோணலாகத்தான் விழுந்திருக்கும்.

"இன்னைக்கே மெஷின்ல ஏறிரும்" என்றாள். "சாவியை எடுங்க."

அண்ணன் ஏதோ சொன்னார். அம்மாவின் பெயரைச் சொன்னார், கல்லூரிக்கு அனுப்பியதைச் சொன்னார். ஜெயரூபா கையை நீட்டித் தடவிக்கொண்டே மூலைக்குப் போனாள். விரலில் இரும்பு தட்டுப்பட்டது. பூட்டியிருந்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"திற" என்றாள். பிறந்ததிலிருந்து அவரிடம் அவள் ஒருமையில் பேசியதில்லை. "திற அண்ணே, திற!"

கை வலிக்க வலிக்க, அண்ணன் நாற்காலியை விட்டு எழுகிற சத்தம் கேட்கும்வரை தட்டினாள்.